ஜார்ஜியாவின் 6ஆம் காங்கிரஸ் தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே "காங்கிரஸ்" என்பது கட்சியா? ஜார்ஜியா என்பது நாடா?

இரண்டும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதன் கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு 435 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களை அனுப்பும் தொகுதிகளே காங்கிரஸ் தொகுதிகள். ஜார்ஜியா என்பது அட்லாண்டாவைத் தலைநகராகக் கொண்ட அமெரிக்கத் தென்மாநிலம். அதற்கு இப்போது 14 தொகுதிகள் உள்ளன. அவற்றில் 6ஆம் எண்ணைத் தாங்கிய தொகுதி, நியூட் கிங்ரிச் என்ற அவைத்தலைவரை உருவாக்கியது. 2017இல் அதுவரை இல்லாத அளவுக்குப் பணம் புரண்ட இடைத்தேர்தலைக் கண்டது. அதன்பின் ஒரு கட்சியின் கையிலிருந்து மறு கட்சியின் கைக்கும், திரும்பவும் முதல் கட்சியின் கைக்கும், மீண்டும் மறு கட்சியின் கைக்கும் ஏழே ஆண்டுகளில் மாறியது.

இந்தத் தொகுதி எங்கே இருக்கிறது?

எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். மில்லெட்ஜ்வில் நகரத்தைச் சார்ந்த நடு ஜார்ஜியாவில் அது ஒரு காலத்தில் இருந்தது. பிறகு அட்லாண்டாவின் தென்புறநகர்களிலிருந்து அலபாமா எல்லை வரை நீண்டது. 1992 முதல் நகரத்தின் வடபுறநகர்களில் முப்பதாண்டுக் காலம் இருந்தது. 2022இல் மேலும் வடக்கே மலையடிவார ஊர்கள் வரை இழுக்கப்பட்டது. 2024 தேர்தலில் அட்லாண்டாவுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள கோப், டக்ளஸ், ஃபுல்டன், ஃபயெட் ஆகிய நான்கு கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளின்) பகுதிகளைக் கொண்டதாக அமைந்தது. நம் ஊரில் ஒரு தொகுதிக்கு மதுரை என்றோ நாகர்கோவில் என்றோ பெயர் இருப்பதால், எல்லை மாறினாலும் ஊர் நிலையாக நிற்கும். அங்கே நிலைத்திருப்பது எண் மட்டுமே. ஆகவே "6ஆம் தொகுதி வரலாற்றில் எப்படி வாக்களித்தது" என்று கேட்கும்போது, எந்த மாற்றம் மக்கள் மனத்தில் நேர்ந்தது, எந்த மாற்றம் வரைபடத்தில் நேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தே விடை காண வேண்டும். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்தப் பிரிப்பைப் பற்றியதுதான்.

தொகுதியின் எல்லைகளை யார் வரைகிறார்கள்?

ஜார்ஜியாவில் மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. மற்றச் சட்டங்களைப் போலவே ஆளுநர் கையெழுத்திடுகிறார். இந்தியாவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மறுவரையறை ஆணையம் செய்யும் வேலையை, அங்கே பெரும்பான்மை பெற்ற கட்சியே செய்துகொள்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பின் இது நடக்கும். 2020 கணக்கெடுப்புக்குப் பின் ஜார்ஜியாவில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 7,65,000 பேர்.

இந்தச் சம எண்ணிக்கைக் கொள்கைக்கு ஜார்ஜியாவே காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் அட்லாண்டாவை உள்ளடக்கிய 5ஆம் தொகுதியில் 8,23,680 பேர் வாழ்ந்தார்கள். வடக்கே இருந்த 9ஆம் தொகுதியில் 2,72,154 பேர் மட்டுமே. இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர். நகரத்து வாக்காளர்கள் தொடுத்த வழக்கில், ஒருவரின் வாக்குக்கும் மற்றவரின் வாக்குக்கும் இயன்றவரை ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டி ஜார்ஜியாவின் எல்லைகள் புதிதாக வரையப்பட்டபோதுதான் 6ஆம் எண் நடு ஜார்ஜியாவை விட்டு நகர்ந்தது.

அதற்கு முன் அங்கே யார் உறுப்பினர்?

கார்ல் வின்சன். 1914இல் காங்கிரசுக்குள் நுழைந்து 1965 ஜனவரி வரை, ஐம்பதாண்டுகளுக்கு மேல் இருந்தார்; 1933இலிருந்து அவருடையது 6ஆம் தொகுதி. அமெரிக்கக் கடற்படையைப் பெருக்கியதில் அவருக்கு இருந்த பங்கினால், ஒரு விமானந்தாங்கிக் கப்பலே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருடைய வெற்றிகளை மக்கள் ஆதரவின் அளவுகோலாகக் கொள்வதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஜனநாயகக் கட்சி மட்டுமே உயிரோடிருந்த அந்தத் தென்மாநிலத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமை அவர் காலத்தின் பெரும்பகுதியில் நடைமுறையில் மறுக்கப்பட்டிருந்தது. பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. போட்டியெல்லாம் கட்சிக்குள் நடந்த முதல்நிலைத் தேர்தலில்தான்.

நியூட் கிங்ரிச் எப்படி வந்தார்?

மூன்றாம் முயற்சியில் வந்தார். 1965 முதல் 6ஆம் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர், பழைய தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரரான ஜான் ஃபிளின்ட். கேரல்டன் ஊரில் இருந்த மேற்கு ஜார்ஜியாக் கல்லூரியில் வரலாறு கற்பித்த இளைஞரான கிங்ரிச், குடியரசுக் கட்சியின் சார்பில் 1974இல் அவரை எதிர்த்துத் தோற்றார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நிக்சனின் தலைமைப் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலின் சூடு ஆறாத ஆண்டு அது. 1976இல் மீண்டும் நின்று மீண்டும் தோற்றார்; அவ்வாண்டு வாக்குச்சீட்டின் உச்சியில் ஜார்ஜியாவின் சொந்த மைந்தரான ஜிம்மி கார்ட்டர் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக இருந்தார். இரு முறையும் இடைவெளி மிகச் சிறியது. 1978இல் ஃபிளின்ட் ஓய்வுபெற, மாநில செனட்டர் வர்ஜீனியா ஷப்பார்டைத் தோற்கடித்துக் கிங்ரிச் வென்றார்.

இந்த வெற்றியைத் தனி மனிதரின் சாமர்த்தியமாக மட்டும் சொல்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய 1964இலேயே, அதை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டருக்கு ஜார்ஜியா வாக்களித்தது; அக்கட்சியின் வேட்பாளருக்கு அது வாக்களித்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. தலைமைப் பதவிக்கு ஒரு கட்சி, உள்ளூர்ப் பதவிகளுக்குப் பழைய கட்சி என்று வெள்ளையின வாக்காளர்கள் பலர் நெடுங்காலம் இரட்டை வழியில் வாக்களித்து வந்தார்கள். நாட்டுப்புறத்தில் அந்தப் பழக்கம் நீடித்தது. புதிதாய்க் குடியேறியவர்கள் நிறைந்த புறநகர்களில் அது முதலில் முறிந்தது. கிங்ரிச் நின்ற இடம் அந்த முறிவு ஏற்பட்ட இடம்.

ஜனநாயகக் கட்சி அவரை அகற்ற முயன்றதா?

முயன்றது, அந்த முயற்சிதான் இந்த வரலாற்றின் மிகச் சுவையான அத்தியாயம். 1990 தேர்தலில் டேவிட் வொர்லி என்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளரிடம் வெறும் 974 வாக்கு வேறுபாட்டில்தான் கிங்ரிச் தப்பினார். அப்போது ஜார்ஜியாவின் பத்து உறுப்பினர்களில் குடியரசுக் கட்சிக்காரர் அவர் ஒருவரே. அடுத்த ஆண்டு, கணக்கெடுப்பின் பயனாக மாநிலத்துக்குப் பதினோராவது தொகுதி கிடைத்தது. சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அதன் அவைத்தலைவர் டாம் மர்ஃபியின் சொந்த ஊரான பிரெமன், கிங்ரிச்சின் தொகுதிக்குள்ளேயே இருந்தது. இருவருக்கும் ஆகாது. பழைய 6ஆம் தொகுதி துண்டு துண்டாக்கப்பட்டு அண்டைத் தொகுதிகளுக்குப் பங்கிடப்பட்டது. 6 என்ற எண் வடபுறநகர்களுக்குக் கொண்டுபோகப்பட்டது.

கிங்ரிச் பெட்டியைக் கட்டிக்கொண்டு எண்ணின் பின்னாலேயே போனார். கோப் கவுண்டியில் குடியேறி, 1992இல் கட்சிக்குள் நடந்த முதல்நிலைத் தேர்தலில் 980 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அந்த ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகள் வேறு பக்கம் விழுந்திருந்தால் அமெரிக்க அரசியலின் பிற்காலம் வேறுவிதமாக இருந்திருக்கும் என்று சொல்வது மிகையாகாது. ஏனெனில் பொதுத்தேர்தலில் அவருக்கு இனி ஆபத்தே இல்லை. மர்ஃபி தம் எதிரியை அனுப்பி வைத்த இடம், மாநிலத்திலேயே குடியரசுக் கட்சிக்கு மிகப் பாதுகாப்பான இடங்களுள் ஒன்று. 1992இல் ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சியின் உறுப்பினர்கள் ஒன்றிலிருந்து நான்காக உயர்ந்தார்கள், 1994இல் ஏழானார்கள். அதே 1994இல் நாடு முழுவதும் அக்கட்சி வென்று, பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சி நாற்பதாண்டுகள் தொடர்ந்து வைத்திருந்த பெரும்பான்மையை முடித்தது, கிங்ரிச் அவைத்தலைவரானார்.

வடபுறநகர்கள் ஏன் அவ்வளவு உறுதியாகக் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றன?

அட்லாண்டாவில் பள்ளிகளில் இனப் பிரிவினை அகன்றபோது நகரை விட்டு வெளியேறிய வெள்ளையினக் குடும்பங்கள் வடக்கே குடியேறின. நகரின் போக்குவரத்து அமைப்போடு சேர மாட்டோம் என்று கோப் கவுண்டி வாக்காளர்கள் 1965இலேயே முடிவு செய்தார்கள். நகரோடு பிணைக்கப்படுவதில் இருந்த அச்சம் அந்த வாக்கில் பங்கு வகித்தது. பின்பு நாட்டின் பிற பகுதிகளிலிருந்து நிறுவன அலுவலர்களும் பொறியாளர்களும் வந்து சேர்ந்தார்கள். குறைந்த வரி, சிறிய அரசு என்ற முழக்கம் இவர்களுக்குப் பிடித்திருந்தது. இதில் ஒரு முரண் உண்டு: கோப் கவுண்டியின் மரியட்டாவில் லாக்ஹீட் நிறுவனத்தின் பெரிய விமானத் தொழிற்சாலை அரசின் பாதுகாப்புச் செலவில் செழித்தது. இந்திய விமானப் படை பயன்படுத்தும் சி-130ஜே விமானங்கள் அங்கே கட்டப்பட்டவைதான்.

1998 தேர்தலில் கட்சி சறுக்கியதைத் தொடர்ந்து கிங்ரிச் விலகினார். அடுத்த ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் ஜானி ஐசக்சன் வந்தார். அவர் 2004இல் காங்கிரசின் மேலவையான செனட்டுக்குச் செல்ல, எலும்பு முறிவு மருத்துவரான டாம் பிரைஸ் வந்தார். இந்தக் காலத்தில் தேர்தல் என்று சொல்லத்தக்க போட்டி ஏதும் நடக்கவில்லை.

பின் எப்போது, ஏன் மாறியது?

2012க்கும் 2020க்கும் இடையே. இந்த எட்டாண்டுகளைத்தான் ஆய்வாளர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். ஏனெனில் இக்காலத்தில் எல்லை மாறவே இல்லை. கிழக்குக் கோப், வடக்கு ஃபுல்டன், வடக்கு டிகால்ப் என்ற மூன்று துண்டுகள், அதே கோடுகள். அதற்குள் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளைப் பாருங்கள்: 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி சுமார் 23 விழுக்காட்டுப் புள்ளி வேறுபாட்டில் வென்றார், 2016இல் அதே கட்சியின் டொனால்டு டிரம்ப் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளியில் வென்றார், 2020இல் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் சுமார் 11 புள்ளியில் வென்றார். வரைபடத்தின் தந்திரம் எதுவும் இல்லாமல், அதே நிலப்பரப்பு இப்படி மாறியது.

காரணங்கள் இரண்டு, அவை ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்று, குடியிருப்போர் மாறினார்கள். ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா ஆகிய ஊர்களில் இந்தியர், கொரியர், சீனர் குடும்பங்கள் பெருகின. அவர்களுள் தமிழர்களும் உண்டு. சாம்பிளி பகுதியில் லத்தீன் அமெரிக்க வழியினர் பெருகினார்கள். இரண்டாவது, இருந்தவர்களே மனம் மாறினார்கள். இத்தொகுதியில் வயது வந்தோரில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் பட்டதாரிகள். நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. அமெரிக்கா முழுவதும் பட்டம் பெற்ற வெள்ளையின வாக்காளர்கள் டிரம்பிடமிருந்து விலகிய காலம் அது.

இரண்டில் எது முந்தியது என்பதற்கு 2016 தேர்தலே நல்ல சான்று. ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில், டிரம்ப் 48 விழுக்காடு பெற்ற இத்தொகுதியில் டாம் பிரைஸ் ஏறத்தாழ 62 விழுக்காடு பெற்றார். ஒரே இரவில் புதியவர்கள் வந்து குவிந்துவிடவில்லை; பழைய குடியரசுக் கட்சி வாக்காளர்கள் ஆயிரக்கணக்கில் தலைவரை ஏற்காமல் கட்சியை ஏற்றார்கள். நான்காண்டுகளில் கட்சியையும் விட்டார்கள் என்பதே என் கணிப்பு. குடியேற்றம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இந்த 14 புள்ளி இடைவெளியை விளக்க வேண்டும்.

2017 இடைத்தேர்தல் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

டிரம்ப் அரசில் சுகாதார அமைச்சராகச் சேர்வதற்காகப் பிரைஸ் பதவி விலகினார். டிரம்ப் பதவியேற்று மூன்று மாதங்களில் வந்த இத்தேர்தலை, அவர்மீதான மக்கள் தீர்ப்பாகவே இரு கட்சிகளும் நடத்தின. ஜார்ஜியாவின் இடைத்தேர்தல் முறையில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்பார்கள். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவரிடையே இரண்டாம் சுற்று நடக்கும். ஏப்ரல் 18 அன்று 18 பேர் களத்தில் இருக்க, முப்பது வயதான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் ஆஸோஃப் 48.1 விழுக்காடு பெற்று, முதல் சுற்றிலேயே முடிக்கும் வாய்ப்பைச் சிறிதில் தவறவிட்டார். ஜூன் 20 அன்று நடந்த இரண்டாம் சுற்றில், முன்பு மாநிலச் செயலராக இருந்த குடியரசுக் கட்சியின் கேரன் ஹேண்டல் 51.8 விழுக்காட்டுடன் வென்றார்.

இரு தரப்பும் வெளி அமைப்புகளும் சேர்ந்து செலவிட்டது 5 கோடி டாலருக்கும் மேல். பிரதிநிதிகள் அவைக்கான ஒரு தொகுதியில் அதுவரை அவ்வளவு செலவானதில்லை. பொதுவாக இரண்டாம் சுற்றில் வாக்குப்பதிவு குறையும். இங்கே முதல் சுற்றில் சுமார் 1,92,000 ஆக இருந்தது, இரண்டாம் சுற்றில் சுமார் 2,60,000 ஆக உயர்ந்தது. இந்த உயர்வே ஆஸோஃபைத் தோற்கடித்தது எனலாம்: அவருடைய ஆதரவாளர்களில் பெரும்பாலோர் ஏப்ரலிலேயே வந்துவிட்டார்கள்; ஜூனில் விழித்தெழுந்தவர்களில் எதிரணியினர் மிகுதி. துண்டுகளைத் தனித்தனியே பார்த்தால், டிகால்ப் பகுதி ஆஸோஃபுக்கும், கோப், ஃபுல்டன் பகுதிகள் ஹேண்டலுக்கும் பெரும்பான்மை தந்தன. தோற்ற ஆஸோஃப் 2021 ஜனவரி 5 அன்று நடந்த செனட் தேர்தலில் வென்றார்.

லூசி மெக்பாத் யார்?

டெல்டா விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். 2012இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று எழுந்த வாக்குவாதத்தில் அவருடைய 17 வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதன்பின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக உழைத்து, ஜனநாயகக் கட்சியின் சார்பில் 2018இல் ஹேண்டலை ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில் வென்றார். கறுப்பினத்தவர் சிறுபான்மையாக இருந்த ஒரு தொகுதியில், கிங்ரிச்சின் பழைய இருக்கையில், ஒரு கறுப்பினப் பெண், அதுவும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை முன்னிறுத்தி வென்றது, தேர்தல் கணக்குகளை விடப் பெரிய செய்தி. 2020இல் அதே ஹேண்டலை 9 புள்ளி வேறுபாட்டில் வென்றார்.

அப்படியானால் 2022இல் தொகுதி மீண்டும் மனம் மாறியதா?

இல்லை. இம்முறை மாறியது கோடு. 2021இல் குடியரசுக் கட்சி வசம் இருந்த சட்டமன்றம் 6ஆம் தொகுதியிலிருந்து டிகால்ப் பகுதியை நீக்கி, ஃபோர்சித், டாசன் என வடக்கே உள்ள உறுதியான குடியரசுக் கட்சிப் பகுதிகளைச் சேர்த்தது. பைடன் 11 புள்ளியில் வென்ற தொகுதி, அதே 2020 வாக்குகளைப் புதிய எல்லைக்குள் எண்ணினால், டிரம்ப் சுமார் 15 புள்ளியில் வென்ற தொகுதியாகியது. ஒரு வாக்காளரும் மனம் மாறாமலேயே முடிவு தலைகீழானது. முப்பதாண்டுகளுக்கு முன் மர்ஃபி செய்தது இதே வேலைதான். ஆனால் இவர்களுடைய கணக்கு பலித்தது. மெக்பாத் அண்டையிலிருந்த 7ஆம் தொகுதிக்குச் சென்று, தம் கட்சியின் உறுப்பினரான கேரலின் போர்டோவையே முதல்நிலைத் தேர்தலில் வென்றார். 6ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் மருத்துவர் ரிச் மெக்கார்மிக் வென்றார். மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இருந்த உறுப்பினர் கணக்கு 8-6 என்பதிலிருந்து 9-5 ஆகியது.

வாக்களிப்பதில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் வாக்குரிமைச் சட்டத்தின்படி ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் எல்லை மாற்றங்களுக்கு மைய அரசின் முன் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலற்றதாக்கிய பின் வந்த முதல் மறுவரையறை இது.

நீதிமன்றம் தலையிட்டதா?

தலையிட்டது. 2023 அக்டோபரில் மைய அரசின் மாவட்ட நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ், இந்த வரைபடம் கறுப்பின வாக்காளர்களின் வலிமையைக் குறைப்பதால் வாக்குரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவை மீறுகிறது என்று தீர்ப்பளித்து, மேற்கு அட்லாண்டாப் பகுதியில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள கூடுதல் தொகுதி ஒன்றை அமைக்கச் சொன்னார். சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது, அத்தொகுதி அமைந்தது, அதற்கு 6 என்று எண் இடப்பட்டது. அதே கையோடு, எந்த ஓர் இனத்தவரும் பெரும்பான்மையாக இல்லாமல் பலரும் கலந்து வாழ்ந்த மெக்பாத்தின் 7ஆம் தொகுதி கலைக்கப்பட்டது. நீதிபதி இதை ஏற்றார். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது; கட்சிக் கணக்கோ 9-5 என்றே நின்றது. 2024இல் மெக்பாத் புதிய 6ஆம் தொகுதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாக்குகளுடன் வென்றார்.

தொகுதிக்கு வெளியே வசிப்பவர் போட்டியிடலாமா?

போட்டியிடலாம். தேர்தலின்போது அந்த மாநிலத்தில் வசித்தால் போதும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. 2017இல் ஆஸோஃப் தொகுதிக்குச் சற்று வெளியே வசித்ததை எதிரணி விடாமல் குத்திக்காட்டியது. கிங்ரிச் வீடு மாற்றிய கதையை அப்போது யாரும் பெரிதாக நினைவூட்டவில்லை.

தொகுதியில் எந்தக் கட்சிக்கு எத்தனை பதிவு பெற்ற வாக்காளர்கள்?

அப்படி ஒரு கணக்கே இல்லை. ஜார்ஜியாவில் வாக்காளர்கள் கட்சி சொல்லிப் பதிவு செய்வதில்லை. முதல்நிலைத் தேர்தல் நாளில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பதிவுப் படிவத்தில் இனத்தைக் குறிப்பிடும் இடம் உண்டு. எல்லை வழக்குகளில் இனவாரியாகத் துல்லியமான எண்கள் முன்வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜான்ஸ் கிரீக்கில் வீடு மாறாமல் வசிக்கும் ஒருவருக்கு இப்போது எந்தத் தொகுதி?

2018இலும் 2020இலும் அவர் 6ஆம் தொகுதியில் வாக்களித்தார், உறுப்பினர் மெக்பாத். 2022இல் 7ஆம் தொகுதியில் வாக்களித்தார். உறுப்பினர் அதே மெக்பாத். 2024இல் அதே 7ஆம் எண்ணில் வாக்களித்தார். உறுப்பினர் முந்தைய 6ஆம் தொகுதியின் மெக்கார்மிக்.